சென்சார் மாட்டப் போன இடத்தில்

போன மாதம் திண்டிவனம் பக்கத்தில் மாமனார் வீட்டு வாசலில் காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். "அண்ணா, நிறுத்துங்கள்!" என்று மச்சான் மனைவி அலறிய அலறலில் பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால், பின் பம்பருக்கு இரண்டடி தள்ளி, கொட்டாங்குச்சியில் மண்ணை அடைத்து இட்லி சுட்டுக்கொண்டிருந்தாள் அவர்களுடைய மூன்று வயது மகள். கண்ணாடியில் அவள் தெரியவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய்விட்டேன். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஏதாவது இருந்தால் பீப் அடித்துச் சொல்லும் பார்க்கிங் சென்சார், பொருத்தும் கூலியோடு 1,800 ரூபாய். கடைப் பையன் பம்பரில் டேப்பை வைத்து அளந்து நான்கு இடங்களில் குறி போட்டான். துளைக்கும்போது சிவப்புப் பெயின்ட் சுருள்சுருளாக உதிர்ந்தது. ரிவர்ஸ் விளக்கு ஒயரிலிருந்து இணைப்பு எடுத்துக்கொண்டே, "2019 ஜூலைக்குப் பிறகு வந்த வண்டி என்றால் கம்பெனியே இதைப் போட்டுத் தர வேண்டும் சார், சட்டம்" என்றான்.

அந்தப் பேச்சு மனதில் தைத்துவிட்டது. என் வண்டி 2013இல் வாங்கியது. அதில் இன்னும் என்னென்ன இல்லை என்று அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். திடீரென்று பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. மோதும்போது விரிந்து ஆளைத் தாங்கும் ஏர்பேக் ஒன்றுகூட இல்லை. புதுக் கார்களில் ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஓட்டுநருக்கான ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலிருந்து. பக்கத்து இருக்கைக்கு 2022 முதல்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2013இல் இதே மாடலில் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் உள்ள வண்டி இருந்தது. சுமார் 50,000 ரூபாய் அதிகம். வேண்டாம் என்றேன். மிச்சம் பிடித்த பணத்தில் பாதிக்கு மேல், இதே சாலையில், சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் அலாய் வீலுக்கும் கொடுத்தேன். சீட் கவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஏர்பேக்கைக் கடையில் வாங்கி வந்து மாட்ட முடியாது. இதை அன்று விற்றவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறு ஆண்டே குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் அடிப்படை ரகங்களை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அந்த மாதிரி வண்டியில்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜிஎஸ்டி சாலையில் 90இல் போய்க்கொண்டிருக்கிறோம்.

வேலை முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கால்கள் தாமாக அண்ணா சாலைப் பக்கம் நடந்தன. ஒரு ஷோரூமில் புதுக் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஆசை வந்துவிட்டது. ஆனால் விற்பனையாளர் இருபது நிமிடம் சன்ரூஃபையும் பெரிய திரையையும் பற்றியே பேசினார். ஏர்பேக் எத்தனை என்று நான் கேட்ட பிறகுதான் அந்தப் பக்கத்தைப் புரட்டினார். எனக்குக் கோபம் வந்தது. கூரையில் வானம் பார்ப்பதற்காகவா ஐந்து வருடம் தவணை கட்டுவது?

விலை 8 லட்சம். வண்டிக்கு ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரியான ஆயுள் வரி, 2023 நவம்பரில் உயர்த்தியது, இந்த விலைக்கு 13 சதவீதம், அதுவே 1,04,000. இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு தனி. மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். கணக்கு உதைக்கிறது.

அதனால் வேறு வழி யோசித்திருக்கிறேன். 2022க்குப் பிறகு தயாரான, ஒரே ஒருவர் மட்டும் வைத்திருந்த பழைய வண்டி. முன்னால் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ், சென்சார் எல்லாம் அதிலேயே இருக்கும். ஆர்சி புத்தகத்தில் பதிவான தேதியை மட்டும் பார்த்தால் போதாது, தயாரான மாதமும் ஆண்டும் அதில் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். விபத்தில் அடிபட்டு ஏர்பேக் ஒருமுறை வெடித்த வண்டியாக இருந்தால், புதிதாக மாற்றியிருக்கிறார்களா என்பதைச் சர்வீஸ் பதிவேட்டில் தேட வேண்டும். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான்.

திரும்பி வந்தபோது என் வண்டி தயாராக இருந்தது. பையன் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரிவர்ஸ் கியர் போடச் சொன்னான். பீப் பீப் என்று அடித்தது. அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்த அதே உயரம்.

நண்பர்களில் யாராவது அப்படி ஒரு வண்டியை விற்கும் எண்ணத்தில் இருந்தால் சொல்லுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்குள் வாங்கிவிட வேண்டும்.