கௌபாய் படத்தில் மாட்டைப் பாருங்கள்

கடந்த சனிக்கிழமை இரவு, திருப்பாலையில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1948இல் வெளிவந்த ‘ரெட் ரிவர்’ படத்தைப் பார்த்தோம். தட்டில் கோலா உருண்டையும் சாத்தூர்க் காராச்சேவும் அவித்த கடலையும் இருந்தன. நண்பர்களுக்குச் சிவப்பு வைன். குடிப்பழக்கம் இல்லாத என் தாய்மாமாவுக்குப் பன்னீர் திராட்சைச் சாறு. மாமா சிவகங்கைச் சீமையில் முப்பது ஆண்டுகள் புலிக்குளம் இன மாடுகளைக் கிடை போட்டு (இரவில் திறந்த நிலத்தில் மந்தையாகத் தங்கவைத்து) மேய்த்தவர். கௌபாய் படங்களில் இத்தனை காலமும் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ பார்த்துவந்திருக்கிறோம் என்பதை அன்றிரவு அவர் அருகில் அமர்ந்துதான் உணர்ந்தேன்.

துப்பாக்கியை யார் முதலில் உருவுகிறார் என்பதிலேயே நம் கண் நிற்கிறது. கௌபாய் என்றால் மாட்டுக்காரன் என்பதே மறந்துவிடுகிறது. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் மாடு மலிந்து கிடந்தது, அங்கே வாங்கத்தான் ஆளில்லை. வடக்கே நல்ல விலை இருந்தது. அதனால் 1867 முதல் கான்சாஸின் அபிலீன் ரயில் நிலையம்வரை, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் என்ற கணக்கில், மந்தைகளை மாதக்கணக்கில் ஓட்டிச் சென்றார்கள். அந்தப் பயணம்தான் இந்தப் படம்.

இரவில் மந்தை படுத்திருக்கும் காட்சியில் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. மாமா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, “மாப்ளே, இதுக மிரளப் போகுது” என்றார். சற்று நேரத்தில், சர்க்கரை திருடப் போனவன் கை பட்டுப் பாத்திரங்கள் உருண்டு, மந்தை முழுவதும் கலைந்து ஓடியது. மாடுகள் தலையைத் தூக்கியிருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டதாம். ஒருமுறை இடிச்சத்தத்தில் தன் கிடை கலைந்த இரவையும், விடிந்தபின் இரண்டு ஊர் தாண்டிப் போய் மாடுகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வந்ததையும் அவர் சொன்னபோது, படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டோம். வீட்டில் பார்ப்பதன் பெரிய பேறு இதுதான் என்பேன்; திரையரங்கில் யாரும் மாமாவுக்காகப் படத்தை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கதை நமக்கு அந்நியமும் அன்று. ஆநிரை கவர்வதற்கு வெட்சி என்றும் மீட்பதற்குக் கரந்தை என்றும் திணை வகுத்தவர்கள் நாம். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த தீயன் அந்தவனுக்காகத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டது. மாட்டுக்காக உயிர்விட்டவனுக்குக் கல் எடுத்த மண்ணிலிருந்து பார்க்கும்போது, மந்தையைக் காக்க இரவெல்லாம் குதிரைமேல் சுற்றிவரும் அந்த மனிதர்கள் நமக்கு நெருக்கமாகிறார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த மேய்ச்சல் நிலம் பூர்வகுடி மக்களுடையது. படமோ அவர்களைப் பெரும்பாலும் அம்பு எய்ய வருபவர்களாகவே காட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இப்படத்தில் இது உண்மையான குறை.

1874இல் ஜோசப் கிளிட்டன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றபின், சில ஆண்டுகளில் திறந்த வெளியெங்கும் வேலி எழுந்து மந்தைப் பயணங்கள் நின்றன என்று மாமாவிடம் சொன்னேன். அவர் கிடை போட்ட தரிசுகளும் இன்று கம்பிவேலிக்குள் மனைகளாகக் கிடக்கின்றன. அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. “அம்புட்டு மாட்டுக்கும் போற வழியில தண்ணி எங்கடா காட்டுவாய்ங்க?” என்று மட்டும் கேட்டார். மந்தை ஆற்றைக் கடக்கும் காட்சிக்குப் படத்தைத் திருப்பி ஓட்டினேன். சாற்றுக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, கடைசி மாடு கரையேறும்வரை மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.