டீச்சர் எதை விட்டுட்டுப் போனாங்க?

ஞாயிற்றுக்கிழமை சபை வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. குழுவில் இருப்பவர்கள் படித்திருப்பீர்கள். இல்லாதவர்களுக்கு இதற்குள் ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். சண்டே ஸ்கூலில் ஆரம்ப வகுப்பு எடுத்து, இப்போது இறந்துபோன எங்கள் டீச்சர் பேரையும் புது ஹால் கல்வெட்டில் சேர்க்கலாமே என்று ஒரு தம்பி கேட்டான். அவ்வளவுதான். அதற்கு கமிட்டியில் இருக்கும் பெரியவர் ஒருவர், நான் இன்றைக்கும் ஐயா என்றே கூப்பிடுகிறவர், போட்ட பதில்: "கல்வெட்டு நன்கொடை கொடுத்தவங்களுக்கு. அவங்க என்னத்த விட்டுட்டுப் போனாங்க?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

கல்வெட்டில் பேர் வரவில்லை என்பதல்ல என் வருத்தம். டீச்சரிடம் கேட்டிருந்தால் அவரே வேண்டாம் என்றிருப்பார். அந்தக் கேள்விதான் மூன்று நாளாகத் தூங்க விடவில்லை.

என்னை விட்டுட்டுப் போனாங்க, ஐயா. என் தம்பியை விட்டுட்டுப் போனாங்க. கட்டைவிரல் போட்டவர்களில் எத்தனை பேருக்கு இருபத்து மூன்றாம் சங்கீதத்தை மனப்பாடம் பண்ண வைத்தது யார்? உங்களையும் விட்டுட்டுத்தான் போயிருக்கிறார்.

அப்பா வேலை பார்த்த மில் மூடிய வருஷம் எங்கள் வீட்டில் யாரும் கோயிலுக்குப் போகவில்லை. காணிக்கைப் பை வரும்போது வெறுங்கையை எப்படி நீட்டுவது என்று அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டார். சபையிலிருந்து வந்தவர்கள் ஜெபம் பண்ணினார்கள், எல்லாம் இழந்தும் விசுவாசத்தை விடாத யோபுவைப் பற்றிச் சொன்னார்கள், போய்விட்டார்கள். டீச்சர் ஒருத்தர்தான் திரும்பத் திரும்ப வந்தார். அப்பாவுக்கு ஒரு புத்திமதி சொன்னதில்லை. அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி ஊர்க்கதை பேசுவார். சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் அயனாவரத்தில் அவர் குடியிருந்த ஒற்றை அறை போர்ஷனுக்குக் கூட்டிப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்து, ரசமும் சோறும் போட்டு அனுப்புவார். ஒரு நாள் அப்பாவிடம், "சண்டே ஸ்கூலுக்கு பெஞ்சு இழுத்துப் போட ஆள் இல்லண்ணே, காலையில கொஞ்சம் வர்றீங்களா?" என்று கேட்டார். அப்பா போனார். பெஞ்சு போட்டார். அப்படியே ஆராதனைக்கும் உட்கார்ந்தார். சாகும்வரை ஞாயிறு காலை அந்த பெஞ்சுகளை அவர்தான் போட்டார். ஒரு மனுஷனின் மானம் கெடாமல் அவனைத் தேவனுடைய வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வருவது எத்தனை லட்சம் பெறும் என்று கமிட்டியில் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

வேதத்தில், யோப்பா ஊரில் தொற்காள் என்ற பெண் இறந்தபோது பேதுரு மேல்வீட்டுக்கு வருகிறார். அங்கிருந்த விதவைகள் அழுதுகொண்டே என்ன காட்டினார்கள்? தொற்காள் தங்களோடு இருந்தபோது தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம். அதை எங்களுக்குக் கதையாகச் சொன்னதும் டீச்சர்தான். அவருடைய அடக்க ஆராதனைக்கு வந்தவர்களைப் பார்த்தீர்களா? ஆட்டோ ஓட்டுகிறவர், வேலூரிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்த நர்ஸ், பக்கத்துப் போர்ஷன் இந்துக் குடும்பம் முழுக்க. கீழ்ப்பாக்கம் கல்லறையில் அவருடைய அம்மாவின் குழியிலேயே அவரை வைத்தபோது, ஆளுக்கொன்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டது, பிரசவத்துக்குக் கூட வந்து இருந்தது, குடித்துவிட்டு வந்த புருஷனை வாசலிலேயே நிறுத்திப் பேசியது. ஐயா அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

இதை எழுதினால் என்ன வரும் என்று தெரியும். "அப்போ நன்கொடை கொடுத்தவங்களை அவமானப்படுத்துறியா?" இல்லை. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, பணம் வேண்டியிருந்தது, கொடுத்தார்கள், நன்றி.

"நல்லவன் தன் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சுதந்தரம் வைத்துப்போகிறான்" என்று நீதிமொழிகளை ஒருவர் குழுவில் போட்டிருந்தார். வசனம் சரி. லோவிசாள் பாட்டி தன் பேரன் தீமோத்தேயுவுக்கு எதை வைத்துப் போனாள் என்பதையும் பவுல் எழுதியிருக்கிறாரே, அதையும் போட்டிருக்கலாம். மாயமற்ற விசுவாசம். முதலில் பாட்டிக்குள், பிறகு தாய் ஐனிக்கேயாளுக்குள், பிறகு அவனுக்குள். டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை என்று அந்த வசனத்தை அங்கே போட்டிருந்தால், அது வேதவசனத்தால் ஒருவரை அடிப்பது. அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

மகன் இல்லாததால் தன் பேர் நிலைக்க வேண்டும் என்று உயிரோடிருக்கும்போதே ராஜாவின் பள்ளத்தாக்கில் தனக்குத் தானே தூண் நிறுத்திக்கொண்டவன் ஒருவன் வேதத்தில் இருக்கிறான். தாவீது ராஜாவின் மகன் அப்சலோம். அவன் தகப்பனுக்கு எதிராகவே கலகம் பண்ணிச் செத்தான் என்று உங்களுக்கே தெரியும்.

"சுவார்ட்ஸ் ஐயருக்கே தஞ்சாவூர்ல பளிங்குக் கல் இருக்கே" என்று ஒரு நண்பர் தனியாக அனுப்பியிருந்தார். இது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கல்லைப் போய்ப் பாருங்கள். 1798இல் இறந்த அந்த ஜெர்மானியப் போதகர் படுக்கையில் கிடக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது சரபோஜி மன்னர், அவர் பாதுகாப்பில் வளர்ந்த பிள்ளை. கல்லை வைத்தவரும் அந்தப் பிள்ளைதான். கிறிஸ்தவராக மாறாத ஒரு ராஜா, தன்னை வளர்த்தவருக்காக வைத்த கல் அது. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் தன் கல்லறைமேல் கல்லே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு 1951இல் கண்ணை மூடினார். அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் 'அம்மா' என்று மட்டும் எழுதினார்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் பேரை எழுத யாராவது ஆசைப்படுகிற மாதிரி யாரோடாவது வாழ்ந்திருக்கிறீர்களா?

"உன் குடும்பத்துப் பேர் கல்வெட்டில் இல்லாத பொறாமை" என்றும் சொல்வார்கள். சொல்லட்டும். என் அப்பா பேர் அந்த பெஞ்சுகளிலும் இல்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

எழுத எழுதக் கல்வெட்டு எனக்குச் சின்ன விஷயமாகிவிட்டது. கடைசி வருஷம் டீச்சருக்கு மாடிப்படி இறங்க முடியவில்லை. கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு போனில் ஆராதனை பார்த்தார். கமிட்டியிலிருந்து யார் போய்ப் பார்த்தீர்கள்? சபைத் தேர்தல் சமயத்தில் மட்டும் அந்த மாடிப்படி எல்லாருக்கும் ஏற முடிந்தது. ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்னே வண்டி ஸ்டார்ட் பண்ணுகிற சபையாக எப்போது ஆனோம்? பிள்ளைகள் அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில். பெற்றவர்கள் பெரம்பூரிலும் கொளத்தூரிலும் பூட்டிய கேட்டுக்குப் பின்னால். பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர் பேர் நமக்குத் தெரியாது. ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் பேர் பேராகச் சொல்லி வாழ்த்துகிறார். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, மரியாள். ரூப் என்பவரின் தாயை 'எனக்கும் தாய்' என்கிறார். அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அங்கே தொகை இல்லை.

ஐயா இதைப் படிப்பார் என்று தெரியும். உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் அந்தப் பதிவை நீங்கள் அழிக்க வேண்டும், அந்தத் தம்பியிடம் நேரில் பேச வேண்டும். அவனும் டீச்சரின் பிள்ளைதான்.

டீச்சர் எடுத்த ஆரம்ப வகுப்புக்கு அவர் போனதிலிருந்து ஆள் இல்லை. பிள்ளைகளைப் பெரிய வகுப்போடு சேர்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு முதல் நானும் அந்தத் தம்பியும் எடுக்கிறோம், ஆயரிடம் சொல்லிவிட்டோம். காலை ஏழரைக்கு ஆரம்பம். இன்னும் இரண்டு பேர் வேண்டும், பெஞ்சு போடவும் ஒருவர். வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.