கப்பல் வந்து நின்ற பிறகு சரக்கு எதில் போகிறது?

சாலையைவிடக் கடல் வழியாகச் சரக்கு அனுப்புவதுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் நாகை, காரைக்கால் பக்கம் துறைமுக விரிவாக்கம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லி வாயை அடைத்துவிடுகிறார்கள். அதைத்தான் ஏற்க முடியவில்லை. கப்பல் கரைக்கு வந்த பிறகு நடப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். எங்கள் சித்தப்பா லாரி ஓட்டியவர். இருபது டன் ஏற்றிய வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும், காலியாகத் திரும்பும்போது ஐந்தரை கொடுக்கும் என்பார். அப்படியென்றால் நூறு கிலோமீட்டர் தூரம் போய்வர 43 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. வகுத்தால், ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 58 கிராம். பெரிய சரக்குக் கப்பல் இதே வேலையை ஐந்தாறு கிராமில் முடித்துவிடும். பத்தில் ஒரு பங்கு! கடலை ஆதரிக்கிறவர்கள் சொல்வது இதைத்தான், இது உண்மையும்கூட.

இனி இந்தோனேசியாவிலிருந்து காரைக்காலுக்கு ஒரு டன் நிலக்கரி வருகிறது என்று வையுங்கள். கடலில் சுமார் 4000 கிலோமீட்டர், 24 கிலோ கரியமில வாயு. இறக்கி, அரியலூர் சிமென்ட் ஆலைக்கு லாரியில் ஏற்றினால் சுமார் 120 கிலோமீட்டர், 7 கிலோ. மொத்தத் தூரத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லாத அந்தக் கடைசித் துண்டு, மொத்தக் கரியமில வாயுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அந்தத் துண்டு முழுவதும் ஓடுவது நம் ஊர்கள் வழியாக.

புகை மட்டும் என்றால்கூட இவ்வளவு எழுதமாட்டேன். டெல்டாவில் சாலை செய்யும் பெரிய கெடுதல் தண்ணீரில்தான் தெரியும். நம் ஆறுகளும் வடிவாய்க்கால்களும் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்குப் போகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காகப் போகிறது. வெட்டாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, அடப்பாறு, அவற்றுக்கிடையே பெயரில்லாத எத்தனையோ கன்னி வாய்க்கால்கள் எல்லாவற்றையும் அது குறுக்கே வெட்டுகிறது. கனரக வண்டி தாங்க வேண்டும் என்று சாலையை மேடாக்க மேடாக்க, அது ஒரு கரையாகவே மாறிவிடும். ஆற்றுக்குப் பெரிய பாலம் கட்டிவிடுவார்கள். வாய்க்காலுக்குக் கிடைப்பது ஒரு குழாய். கார்த்திகையில் அடைமழை பிடித்தால் சாலைக்கு மேற்கே இருக்கும் சம்பாப் பயிர் வடியாத தண்ணீரில் நின்று அழுகும். இந்தத் தட்டை பூமியில் ஓரடி மேடு என்பது பெரிய விஷயம். அந்த மேட்டுக்கான சவுடு மண்ணும் நம் ஏரி குளங்களிலிருந்தே போகிறது. சாலையோரப் புளியமரங்கள் போனதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், விடுகிறேன்.

இதற்காகக் கடலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் முடியாது. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக விதி. அதற்கு முன் 3.5 வரை இருந்தது, அந்த வகையில் பெரிய முன்னேற்றம். ஆனால் நம் லாரிக்கு ஊற்றும் பிஎஸ் 6 தர டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குதான். கப்பலுக்கு அனுமதி ஐயாயிரம் பங்கு. நடுக்கடலில் அது யார் மூக்கிலும் ஏறாது. நங்கூரம் போட்டு எஞ்சினை ஓடவிட்டு நிற்கும்போது கரையிலிருக்கும் மீனவக் குப்பத்துக்குத்தான் வரும்.

விபத்துகளையும் மறக்க முடியாது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஆட்கள் வாளியில் அள்ளியதைப் பார்த்தோம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கேரளக் கரையோடு நிற்காமல் கன்னியாகுமரி, தனுஷ்கோடி வரை வந்து ஒதுங்கியது. பழவேற்காட்டில் காக்கா ஆழி என்கிற தென்னமெரிக்கச் சிப்பி ஏரியடியை மூடி, இறால் பிடிக்கிறவர்களின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. கப்பல்கள் நிலைப்புக்காக நிரப்பிவந்து கொட்டும் தண்ணீரில் வந்திருக்கும் என்கிறார்கள். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச்சுவர் கட்டினால் வடபக்கக் கரை அரிக்கும் என்பதைப் புதுச்சேரி 1980களின் இறுதியிலிருந்து பார்த்துவிட்டது. நிலக்கரித் தூசு பற்றிக் காரைக்கால் துறைமுகத்தை ஒட்டிய நாகூர், வாஞ்சூர் மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம் எதைத்தான் கேட்கிறாய் என்பீர்கள். கேட்பது ரயில்.

மாநில அரசின் பூம்புகார் கப்பல் கழகம் 1974ல் தொடங்கியது. நம் டெல்டா ஊரின் பெயரைத் தாங்கிய அந்த நிறுவனம் பாரதீப், விசாகப்பட்டினம் பக்கமிருந்து அனல்மின் நிலைய நிலக்கரியைக் கடல் வழியாக எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவருகிறது. அங்கே மின் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருப்பதால் கன்வேயரில் போய்விடும், நடுவில் லாரி வேண்டாம். (எண்ணூர் மக்கள் சாம்பலில் படும் பாடு தனிக் கதை, அதை நியாயப்படுத்தவில்லை.) கடல் வழி உண்மையிலேயே பலன் தருவது இப்படி இருந்தால்தான். நமக்கு ஆலை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் என்றால், கன்வேயரின் வேலையை மூடிய வேகன் செய்ய வேண்டும்.

காரைக்கால் துறைமுகத்துக்கு ரயில் பாதை இருக்கிறது. தஞ்சாவூர் காரைக்கால் பாதை மின்மயமாகிவிட்டது. ஆனால் விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் வரை மெயின் லைன் இன்னும் ஒற்றைப் பாதை. பயணிகள் வண்டிக்கே இடமில்லாத பாதையில் கூட்ஸ் எங்கே நுழையும்? நான்கு வழிச்சாலைக்கு நிலம் எடுக்கும் வேகத்தில் பாதியையாவது இந்த இரட்டைப் பாதைக்குக் காட்டியிருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நெல்லில் இது ஏற்கெனவே நடக்கிறது. தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடி ஸ்டேஷன்களில் நாற்பது கிலோ சிப்பங்களை ஏற்றி ஆயிரக்கணக்கான டன் நெல்லை அரவைக்கு வெளிமாவட்டம் அனுப்புகிறார்கள். ஒரு கூட்ஸ் வண்டி நூறு லாரியைச் சாலையிலிருந்து இறக்கிவிடும். லோடுமேனுக்கு வேலை, கொள்முதல் நிலையத்து லாரிக்கு ஸ்டேஷன் வரை நடை, எல்லாம் உள்ளூரிலேயே நிற்கிறது. வேதாரண்யம் உப்பு ஒரு காலத்தில் கால்வாயில் படகேறி நாகப்பட்டினம் போனது. இன்று பெரும்பாலும் லாரிதான். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறந்தாயிற்று, உப்பளத்தின் வாசலிலேயே தண்டவாளம் கிடக்கிறது.

நம் பகுதியில் துறைமுகத்துக்கோ சாலைக்கோ கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் தயவுசெய்து போங்கள். இறங்கும் சரக்கில் ஒரு நாளைக்கு எத்தனை வேகன், எத்தனை லாரி என்று கேளுங்கள். சாலை மேட்டில் எத்தனை வடிகால் பாலம், ஒவ்வொன்றும் எத்தனை அடி அகலம் என்று கேளுங்கள். அறிக்கையில் இந்த எண்கள் இல்லையென்றால், இல்லை என்பதையே ஆட்சேபணையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.