பட்டியலில் இல்லை என்றால் பறவை இல்லை என்று பொருளா?

பறவை பார்க்கும் தன்னார்வலர்கள் குறித்துவைக்கும் பட்டியல்களில் 30% இடங்களில் ஓர் இனம் பதிவானால், அது 30% இடங்களில்தான் வாழ்கிறது என்று ஒரு கருத்து உண்டு. அது சரியல்ல. 30% என்பது கண்ணில் பட்ட அளவு. உண்மையான பரவல் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். ஒரு வருகையில் கண்ணில் படும் வாய்ப்பு 0.4 என்றால், மூன்று முறை போயும் தவறவிடும் வாய்ப்பு 0.6×0.6×0.6, ஏறத்தாழ 22%. கூவாத பருவத்தில் இன்னும் மோசம்.

நீங்களே சரிபார்க்கலாம். ஈபேர்ட் (eBird, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதிவிடும் இணையதளம்) தரவில் முழுமையான பட்டியல்களை மட்டும் எடுங்கள் (பார்த்ததில் சிலவற்றை மட்டும் குறித்த பட்டியலில், விடுபட்டதை 'இல்லை' என்று கொள்ள முடியாது). ஒரே இடம், ஒரே பருவம், மூன்று வருகைக்குக் குறையாமல். அந்த இனம் ஒருமுறையாவது பதிவான இடங்களில், எத்தனை வருகைகளில் விடுபட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். முற்றிலும் தவறவிட்ட இடங்கள் இந்தக் கணக்கில் வராததால், உண்மையான விடுபடல் இதைவிடவும் அதிகம்.