வளையலைக் கழற்றச் சொல்லும் முன்

திருப்பூர்ப் பக்கம் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அவர்கள் போஸ்டிங் போகும் வார்டுகளில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், வங்காளக் குடும்பங்கள் நிறைய.

போன மாதம் ஒரு வங்காளப் பெண்ணை சிசேரியனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள் என் இறுதியாண்டு மாணவி. கம்மல், மூக்குத்தி எல்லாம் கழற்றியாகிவிட்டது. வெள்ளைச் சங்கு வளையல், சிவப்பு வளையல், ஒரு இரும்பு வளையல், இவை மட்டும் பாக்கி. சோப்புத் தண்ணீரோடு கையைப் பிடித்ததுதான் தாமதம், அந்தப் பெண் கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மாணவிக்கு வெலவெலத்துவிட்டது.

சங்கு வளையலை ஷாங்கா, சிவப்பு வளையலைப் பொலா என்பார்கள். வங்காள இந்துக்களிடம் சுமங்கலியின் அடையாளம். நம் ஊரில் தாலியை அப்படிப் பட்டென்று கழற்றச் சொல்வோமா? மாமியாரைக் கூப்பிட்டு, பக்குவமாகப் பேசித்தானே வாங்குவோம்? அதை யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை, வீட்டிலேயே பார்த்து வளர்ந்தோம். கடைசியில் ஓ.டி. சிஸ்டரிடம் கேட்டு, சங்கு வளையலைத் துணி சுற்றி பிளாஸ்டர் ஒட்டினோம். இரும்பு வளையலை மட்டும் கணவரே வந்து கழற்றி வைத்துக்கொண்டார்.

இந்தி தெரியாததுதான் தங்கள் பயத்துக்குக் காரணம் என்று மாணவிகள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளியிடம் கேள்வி கேட்டுப் பழகாததுதான் காரணம். நோயாளியின் பண்பாட்டுக்கு ஏற்றபடி கவனிப்பு இருக்க வேண்டும் என்ற லைனிங்கரின் நர்சிங் கோட்பாட்டைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள், சரி. ஆனால் ‘வங்காளிகள் இப்படி, பீகாரிகள் அப்படி’ என்று பட்டியல் போட்டுப் படித்தால் கதை இன்னும் மோசமாகும். வங்காளத்து முஸ்லிம் பெண்ணின் கையில் அந்தச் சங்கு வளையலைத் தேடினால் என்ன ஆகும்?

நியூசிலாந்தின் மாவோரி நர்ஸ் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கும்: நர்ஸ் முதலில் தன் பழக்கவழக்கத்தையும் தன் கையிலுள்ள அதிகாரத்தையும் பார்க்க வேண்டும், கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று நோயாளிதான் சொல்ல வேண்டும். 1992-லேயே அந்நாட்டு நர்சிங் கவுன்சில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது.

ஊசி போட பொம்மையில் எத்தனை முறை பழக்குகிறோம்! அதேபோல் ஸ்கில் லேபில் இதையும் பழக்கி மார்க் போட வேண்டும். ‘இதைக் கழற்றலாமா, யார் கழற்றினால் உங்களுக்குச் சரி?’ என்று கேட்கப் பழகட்டும். உதிரப்போக்கைப் பற்றிப் பத்து வயது மகனை வைத்து மொழிபெயர்த்துக் கேட்கும் கொடுமை வார்டில் இன்றும் நடக்கிறது. அந்த நேரத்தில் போனில் யாரைக் கூப்பிடுவது என்பதும் மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நோயாளியாக நடிக்க, அந்த மொழி பேசும் பெண்களையே பனியன் கம்பெனி லைன் வீடுகளிலிருந்து கூப்பிடலாம். ஆனால் சும்மா கூப்பிடக் கூடாது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறார்கள், அதைக் கல்லூரி கொடுத்தாக வேண்டும்.