ஆசிட் இல்லக்கா, கெமிக்கல்

கடப்பா கல் மேடையில் சமைப்பவர்களுக்கு அந்த வெள்ளைத் திட்டுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைப் பாலிஷ் போட்டு எடுத்துத் தருகிறேன் என்று நேற்று ஒரு மகானுபாவர் வந்தார்.

முன்னதாகவே போனில் கேட்டேன்.

"மெஷின் கொண்டு வருவீங்கல்ல?"

"வரும்க்கா."

"ஆசிட் ஊத்தக் கூடாது."

"சேச்சே, ஆசிட்ட நாங்க தொடவே மாட்டோம்க்கா."

இதைக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்க வேண்டும். கடப்பா கல்லில் வேண்டாம், நம்ம ஆள் அழித்துவிடுவார்.

வந்தவர் கையில் மெஷின் இல்லை. பழைய தண்ணீர் பாட்டில், மூடியில் ஓட்டை.

"என்ன இது?"

"கெமிக்கல்க்கா."

"ஆசிட்டா?"

"ஆசிட் இல்லக்கா, கெமிக்கல்."

நான் அடுத்த கேள்விக்கு வாய் திறப்பதற்குள் ஊற்றிவிட்டார். சர்ரென்று ஒரு சத்தம். மேடை முழுக்க நுரை. மூக்கை அறுக்கிற நெடி. அவர் முகத்தில் அப்படியொரு பெருமிதம். "பாருங்கக்கா, அழுக்கு எப்படிப் பொங்குது!"

ஐயா, பொங்குவது அழுக்கு இல்லை, என் மேடை. கடப்பா என்பது சுண்ணாம்புக்கல், பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்து கார்பன் டை ஆக்சைடாக நுரைக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும். எலுமிச்சையும் புளியும் வருடக்கணக்கில் நிதானமாகச் செய்கிற வேலையை இவர் அரை நிமிஷத்தில் முடித்தார். அதற்குக் கூலி வேறு.

போதும், நிறுத்துங்க என்று கத்தினேன். "உள்ள இன்னும் அழுக்கு இருக்குக்கா, பொங்குறது நிக்கல பாருங்க" என்று இன்னொரு ரவுண்டு. எப்படி நிற்கும்? பாட்டில் தீர வேண்டும், இல்லை கல் தீர வேண்டும். நடுவில் மாமியார் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, இவ்வளவு அழுக்கயா சேத்து வச்சிருந்தே?" என்றார். அந்த நுரையிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கழுவித் துடைத்தால் மேடை மொத்தமும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. "இப்பத் திட்டு தெரியுதாக்கா?" தெரியவில்லைதான். மேடையே ஒரே திட்டாகிவிட்டால் எங்கே தெரியும்?

தண்ணீர் விட்டு, சொரசொரப்பிலிருந்து நைசுக்கு 120, 220, 400 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்திருந்தால் திட்டும் போயிருக்கும், வழவழப்பும் வந்திருக்கும். அதற்குத் தோள் வலிக்க வேண்டுமே! இவர் என் அலமாரியிலிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து மேடை முழுக்கத் தடவினார். கல் கறுத்துப் பளபளத்தது. உடனே போட்டோ எடுத்துக்கொண்டார். "டூப்ளிகேட் கல்லுக்கா இது. கிரானைட் மாத்திடுங்க, நம்ம ஆளு இருக்கான்" என்று ஆலோசனையும் சொல்லிவிட்டுப் போனார். காலையில் பார்த்தால் பளபளப்பைக் காணோம், சாம்பல் திரும்ப வந்துவிட்டது.

அதே சமையலறையில் பாட்டி காலத்துக் கல்சட்டி ஒன்று இருக்கிறது. மாக்கல். எத்தனை வருஷ வத்தக்குழம்பு அதில் கொதித்திருக்கிறது! புளி அதை ஒன்றும் செய்ததில்லை. அமெரிக்காவில் அந்த ரகக் கல்லிலேயே மேடை போடுகிறார்களாம். கீறல் விழுந்தால் உப்புத்தாள், மங்கினால் எண்ணெய், பராமரிப்பே அவ்வளவுதான். நமக்கு வாய்த்தது கடப்பாவும் இந்தக் கெமிக்கல்காரரும்.

இதில் உச்சம், பாத்ரூம் தரைக்கும் அவரையே வரச் சொல்லி மாமியார் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். கேட்டதும் சிரிப்புதான் வந்தது. சரி, மேடை போனால் போகட்டும். அந்த ஆள் அரை பாட்டில் தடவிவிட்டுப் போனது செக்கில் ஆட்டிய எண்ணெய். தேங்காய் எண்ணெய் விற்கிற விலையில் நாங்கள் தலைக்கே சொட்டு எண்ணித்தான் வைத்துக்கொள்கிறோம்.