7.5 சதவீதம் டாக்டர் சீட்டுக்கு மட்டும் இல்லீங்க

அண்ணே, மேல நீங்க கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு மெடிக்கலுக்கு மட்டும்தான்னு போட்டிருக்கீங்க, அதை நாலஞ்சு பேரு ஷேரும் பண்ணிட்டாங்க. 2020ல வந்த சட்டம் அப்படித்தான் இருந்துச்சு, ஆனா 2021ல இன்னொரு சட்டம் போட்டு இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புக்கும் கொண்டுவந்துட்டாங்க. அதுல சீட் கெடைச்சா காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் ரெண்டும் அரசாங்கமே கட்டுது. நம்ம டெல்டாவுலயே ஈச்சங்கோட்டைல அக்ரி காலேஜ், ஒரத்தநாட்டுல கால்நடை காலேஜ், நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகம்னு இருக்கு, மாடு கன்னு போட முடியாம கெடந்தா ராத்திரில டாக்டருக்கு அலையுற ஊருல நம்ம புள்ளைங்களே அதைப் படிச்சு வந்தா நல்லதுதானே.

நான் சொல்றத நம்பணும்னு இல்ல, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கான டிஎன்இஏ வெப்சைட்ல இன்ஃபர்மேஷன் பிரோஷர் பிடிஎஃப் இருக்கும், அதுல 7.5ன்னு தேடிப் பாருங்க, அக்ரிக்கு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் போடுற பிரோஷர். பொதுவா ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருக்கணும், அதுக்கான சர்டிஃபிகேட்டை ஹெட்மாஸ்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வாங்கி வச்சிக்கங்க, நடுவுல ஸ்கூல் மாறியிருந்தா ரெண்டு ஸ்கூல்லயும் வாங்கணும். முடிஞ்சா உங்க போஸ்ட்டையும் மாத்திடுங்கண்ணே.